பாய்மரப் படகில் முதல் ஆறு வாரம்: ஊர்க்காரர்கள் கேட்கும் கேள்விகளும் எங்கள் பதில்களும்

தை மாதம் மூன்றாம் வாரம் கொச்சியில் ஒரு பாய்மரப் படகில் குடியேறினோம். கொல்லம், விழிஞ்சம், கன்னியாகுமரி, மணப்பாடு என்று கரையை ஒட்டியே வந்து, பங்குனி பிறந்த வாரத்தில் தூத்துக்குடி சேர்ந்தோம். நான், கணவர், 11 வயது மகள், 6 வயது மகன். கணவர் சரக்குக் கப்பல்களில் 16 வருடம் என்ஜினியராக இருந்தவர். நான் பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவள். இந்தப் பயணத்துக்கு முன் என் கடல் அனுபவம், திருச்செந்தூரில் முழங்கால் அளவு நின்று குளித்ததுதான்.

ஊருக்குத் திரும்பியதிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். சிலர் தாங்களும் போக வேண்டும் என்ற ஆசையில் கேட்கிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எவ்வளவு பெரிய படகு? உள்ளே என்னதான் இருக்கும்?

35 அடி நீளம், அகலமான இடத்தில் 11 அடி. ஃபைபரில் செய்தது, எங்களுக்கு முன் இரண்டு பேர் வைத்திருந்த பழைய படகு. அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில் ஒரு படுக்கை, பின்பக்கம் ஒன்று, நடுவில் மேசையும் இரண்டு பக்கமும் பெஞ்சும். ராத்திரி அந்தப் பெஞ்சுகள்தான் பிள்ளைகளின் கட்டில். ஒரு சின்ன அடுப்படி, ஒரு கழிவறை. காற்று இல்லாதபோதும் துறைமுகத்துக்குள் நுழையும்போதும் ஓட்ட 29 குதிரைத்திறன் டீசல் என்ஜின். எழுந்து நின்று தலை இடிக்காமல் நடக்க நடுக்கூடத்தில் மட்டும்தான் முடியும். ரயிலில் எதிரெதிர் சீட்டில் நாலு பேர் ஆறு வாரம் உட்கார்ந்து வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய அதுதான்.

அது சாயுமே, கவிழ்ந்துவிடாதா?

சாயும். பாயில் காற்று பிடித்தால் 15, 20 பாகை சாய்ந்துதான் ஓடும். முதல் நாள் மகள் மேசைக்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். தலையாட்டி பொம்மையைக் காட்டி அவளுக்கு விளக்கினோம். படகின் அடியில் மீனின் துடுப்பு மாதிரி ஒன்று தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறது. அதில் இரண்டு டன்னுக்கு மேல் இரும்பு. படகு சாயச் சாய அந்தக் கனம் திரும்ப இழுத்து நிமிர்த்தும். மூன்றாம் நாள் அவளே தம்பிக்கு அதைச் சொல்லிக்கொடுத்தாள்.

உண்மையான ஆபத்து கவிழ்வது அல்ல. படகிலிருந்து ஆள் கடலில் விழுவது. கொச்சிக்கு வெளியே ஒரு நாள் முழுக்க இதற்காகவே பழகினோம். கணவர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு தேங்காயைக் கடலில் போட்டு "ஆள் விழுந்தாச்சு" என்று கத்துவார். நான் படகைத் திருப்பி, அதன் பக்கத்தில் நிறுத்தி, எடுக்க வேண்டும். மகளுக்கு ஒரே வேலை, கையை நீட்டியபடி தேங்காயைப் பார்த்துக்கொண்டே இருப்பது. முதல் முறை எனக்கு 14 நிமிடம் ஆனது. நடுவில் அவள் தும்மினாள், அந்த நொடியில் தேங்காயைக் காணவில்லை. அலையும் அப்படி ஒன்றும் பெரிதில்லை, முழங்கால் உயரம்தான். அன்றைக்கு எனக்கு வயிறு கலங்கியது. மனிதத் தலையும் தேங்காய் அளவுதானே?

அன்றே சட்டம் போட்டோம். படகு நகரும்போது பிள்ளைகள் மேல்தளத்தில் இருந்தால் உயிர்காப்பு உடையும், படகோடு கொக்கி மாட்டிய வாரும் இருக்க வேண்டும். ராத்திரியில் பெரியவர்களுக்கும் அதே சட்டம். அடுத்தவரை எழுப்பாமல் யாரும் முன்பக்கம் போகக் கூடாது. ஒன்பதாவது தேங்காயை நாலு நிமிடத்தில் எடுத்தேன்.

முதல் நாளே கடலுக்குப் போய்விட்டீர்களா?

இல்லை. போகவும் கூடாது. கொச்சி போல்காட்டியில் படகுகளைக் கட்டிப்போடும் துறை இருக்கிறது, தண்ணீரும் கரண்டும் கிடைக்கும். அங்கே இரண்டு வாரம் கட்டிப்போட்டே குடியிருந்தோம். எந்தச் சாமான் எங்கே இருக்கிறது, எந்தக் குழாய் எந்த வால்வில் முடிகிறது என்பதெல்லாம் இருட்டில் கை தானாகப் போகும் அளவுக்குப் பழகிய பிறகுதான் கயிற்றை அவிழ்த்தோம். அந்த இரண்டு வாரத்தை வீண் என்று நினைக்காதீர்கள்.

பிள்ளைகளுக்கு வாந்தி?

வந்தது. கொல்லம் வருவதற்குள் மகன் மூன்று முறை எடுத்தான், மகள் கீழே உட்கார்ந்து கதைப் புத்தகம் படித்து வரவழைத்துக்கொண்டாள். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'ஆடுகிறோம்' என்கிறது, எதிரே அசையாமல் இருக்கும் பக்கத்தைப் பார்க்கிற கண் 'ஆடவில்லை' என்கிறது. இந்தச் சண்டைதான் குமட்டல். அதனால் மேலே வந்து தொடுவானத்தைப் பார்க்க வைக்க வேண்டும். சுக்கானைக் கையில் கொடுத்தால் இன்னும் நல்லது, ஓட்டுகிற ஆளுக்குக் குமட்டல் குறைவு. டாக்டரிடம் கேட்டு வாங்கிய மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே கொடுக்க வேண்டும், வாந்தி தொடங்கிய பிறகு கொடுத்தால் அதுவும் வெளியே வந்துவிடும். உப்புப் போட்ட நீராகாரம் மடக்கு மடக்காகக் கொடுத்தேன், இஞ்சியும் கருப்பட்டியும் நுணுக்கி நாக்கில் வைத்தேன். மூன்றாம் நாளோடு இருவருக்கும் பழகிவிட்டது.

குடிக்க, குளிக்கத் தண்ணீர்?

தொட்டி 300 லிட்டர். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 25 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 12 நாள் வரும். தாமிரபரணித் தண்ணீரைத் திறந்துவிட்டபடி பாத்திரம் கழுவிய கைக்கு இது எளிதில் பழகவில்லை. குழாயைத் திறந்தால் கொட்டும் என்ற பழக்கத்தை மறக்க, காலால் மிதிக்கும் பம்பை மட்டும் வைத்துக்கொண்டு மோட்டாரை நிறுத்திவிட்டோம். மிதித்தால்தான் வரும் என்றால் கை தானாகச் சிக்கனமாகிறது. பாத்திரம் முதலில் கடல்நீரில், பிறகு ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில். துறைமுகத்துக்குள் இருக்கும் தண்ணீரை இதற்குத் தொடக் கூடாது, திறந்த கடலில் மட்டும். குளியலும் அப்படித்தான். கடல்நீரில் கட்டிச் சோப்பு நுரைக்காது, ஷாம்பு நுரைக்கும். கடைசியில் ஒரு செம்பு நல்ல தண்ணீர். துணியில் உப்பு இருந்தால் எத்தனை நாள் காயப்போட்டாலும் ராத்திரி ஈரம் ஏறிவிடும், துணியின் கடைசி அலசலில் மட்டும் நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை.

சமையல் எப்படி? இட்லி உண்டா?

உண்டு, நின்றால் மட்டும். மாவு அரைக்கச் சின்ன மிக்சி, மேலே இரண்டு சோலார் பலகை, இன்வர்ட்டர். அறைக்குள் இருக்கும் வெக்கையில் ஆறு மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும், அதனால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது. ஓடும்போது ஒரு முறை ஊற்றிப் பார்த்தேன். மாவு குழியின் ஒரு ஓரத்துக்கு ஓடி, ஒரு பக்கம் தடிப்பும் மறுபக்கம் தாள் மாதிரியும் வெந்து வந்தது. அடுப்பு ஊஞ்சல் மாதிரி தொங்கி ஆடிச் சமன் செய்யும்தான். ஆனால் அலை எல்லாப் பக்கமும் தூக்கும்போது அதற்கும் ஓர் அளவு உண்டு. ஓடுகிற நாளில் புளிச்சோறு, அவல், முந்தின நாளே செய்துவைத்த சப்பாத்தி. நங்கூரம் போட்டு நின்ற நாளில் சொதி வைத்தேன், கூட்டாஞ்சோறு வைத்தேன். அந்த வாசனையில்தான் மகன் முதன்முதலாகப் படகை "நம்ம வீடு" என்றான்.

இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் ஒன்றை மறக்காதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் வாசல் வழியாக வெளியேற இடம் உண்டு. படகில் கசிந்தால் அடிவயிற்றில் இறங்கித் தங்கிவிடும், ஒரு பொறி போதும். எங்கள் சிலிண்டர் மேல்தளத்தில் தனிப் பெட்டியில் இருக்கிறது, பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் ஓட்டை. பால் காய்ச்சி முடித்தாலும் சிலிண்டர் வால்வை மூடிவிட்டுத்தான் டம்ளரில் ஊற்றுவேன்.

கழிவறை?

கையால் அடிக்கும் பம்பு. துறைமுகத்துக்குள் கரைக் கழிவறைதான். சாப்பிட்டது தவிர வேறு எதையும் உள்ளே போடக் கூடாது, காகிதத்தையும் சேர்த்துச் சொல்கிறேன்.

குமரி முனையைச் சுற்றும்போது பயந்தீர்களாமே?

பயந்தோம். தப்பு எங்களுடையது, அதனால் முழுசாகச் சொல்கிறேன்.

விழிஞ்சத்தில் இருந்தபோது, குமரிக்கடலில் இரண்டு நாளைக்குப் பலத்த காற்று என்று எச்சரிக்கை வந்தது. ஒரு நாள் இருந்தோம். மூன்று நாள் கழித்து என் சித்தி மகளுக்குப் பாளையங்கோட்டையில் கல்யாணம். குமரி முனையைத் தாண்டியதும் இருக்கும் சின்னமுட்டம் துறைமுகத்தில் படகைச் சேர்த்துவிட்டால் அங்கிருந்து போய்விடலாம் என்று கணக்குப் போட்டு, எச்சரிக்கை முடியும் முன்பே அதிகாலை 4 மணிக்குக் கிளம்பினோம். விழிஞ்சத்திலிருந்து முனைக்கு 38 கடல்மைல், அதாவது 70 கிலோமீட்டர். நல்ல நாளில் எட்டு மணி நேரம்.

காலையில் கரைக்காற்று இதமாக இருந்தது. குளச்சல் வரை கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. எங்களுக்கும் வடகிழக்கிலிருந்து வரும் காற்றுக்கும் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை நின்றதால்தான் அந்த அமைதி. மலை முடிகிற இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிறது. அந்த வாசலில்தான் இத்தனை காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள் என்பது நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். பஸ்ஸில் போகும்போது எத்தனையோ முறை பார்த்த எனக்கு, அந்தக் காற்று கடலிலும் வந்து இறங்கும் என்று தோன்றவில்லை. முட்டம் தாண்டியதும் நேர் எதிரே வந்து அறைந்தது.

பாய்மரப் படகால் காற்றை எதிர்த்து நேராகப் போக முடியாது. 45 பாகை விலகி ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் என்று வெட்டி வெட்டித்தான் முன்னேற வேண்டும். தூரம் ஒன்றரை மடங்காகும். தெற்கிலிருந்து வரும் பழைய அலையும் இந்தக் காற்று எழுப்பிய புது அலையும் முனையில் மோதிக்கொண்டன. பாயை இரண்டு மடிப்புச் சுருக்கினோம். மகனைப் பெஞ்சில் வைத்தால் உருண்டு விழுவான் என்று தரையில் தலையணைகளுக்கு நடுவில் படுக்க வைத்தேன், படகின் ஆட்டம் குறைவாக இருக்கிற இடம் அதுதான். மகள் வாளியை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இருட்டியதும் வள்ளுவர் சிலையின் விளக்கு தெரிந்தது. பாயை மாற்றி வெட்டிப் போய்த் திரும்பிப் பார்த்தால், அதே இடத்தில். மறுபடியும், அதே இடத்தில். இரண்டு மணி நேரம் அந்த வெளிச்சம் நகரவே இல்லை. ராத்திரி 9 மணிக்குச் சின்னமுட்டம் துறைமுக வாசலுக்கு வந்தோம். உள்ளே நின்ற ஒரு விசைப்படகில் இருந்த அண்ணன் ஒருவர் டார்ச்சைக் காட்டி, எங்கே கட்டலாம் என்று வழிவிட்டார். 17 மணி நேரம்.

கணவர் படகோடு இருந்துவிட்டார். நானும் பிள்ளைகளும் கன்னியாகுமரியில் பஸ் ஏறிக் கல்யாணத்துக்குப் போனோம். பந்தியில் உட்கார்ந்திருந்த என் அத்தை கேட்டாள்: "ஏட்டி, விழிஞ்சத்துலயே படகக் கட்டிப் போட்டுட்டு அங்கன இருந்தே பஸ்ல வந்திருக்கப் பிடாதா?"

வந்திருக்கலாம். திருவனந்தபுரம், நாகர்கோவில், திருநெல்வேலி. அரை நாள் பயணம். அதைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. இப்போது எங்களுக்குள் ஒரே பேச்சுதான். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை என்று தேதி குறித்த எதற்கும் படகில் போவதில்லை. அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே படகைப் பத்திரமான இடத்தில் கட்டிவிட்டு பஸ்ஸில் போவோம். படகில் போகத் திட்டம் போடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதும் இதுதான்: எந்தத் தேதிக்குள் எங்கே போய்ச் சேர வேண்டும்? பதிலில் தேதி இருந்தால் இப்போதைக்குக் கிளம்ப வேண்டாம் என்பேன்.

ராத்திரியில் நங்கூரம் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடிகிறதா?

நங்கூரம் கனத்தால் மட்டும் பிடிப்பதில்லை, படுத்தவாக்கில் மண்ணைக் கொத்தி இழுத்துப் பிடிக்கிறது. அதனால் ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது சங்கிலி விட வேண்டும். மணப்பாட்டில் முனைக்கு வடக்கே 5 மீட்டர் ஆழத்தில் 25 மீட்டர் சங்கிலி விட்டோம். சாயந்தரம் வள்ளத்தில் போன ஒரு பெரியவர் நிறுத்தி, "அண்ணாச்சி, விடியக்காலம் வாடக்கொண்டல் ஏறும், இன்னும் வெலகிப் போடுங்க" என்றார். வடகிழக்குக் காற்றைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கடல் அசையாமல் இருந்தது. தலையாட்டிவிட்டு அப்படியே படுத்துவிட்டோம்.

மூன்றரை மணிக்குச் சங்கிலி உறுமுகிற சத்தம் தலைமாட்டில் கேட்டது. மேலே வந்து பார்த்தால், தூங்கப் போகும்போது வலப்பக்கம் இருந்த கரை விளக்கு பின்னால் இருக்கிறது, கிட்டத்திலும் இருக்கிறது. நங்கூரம் மண்ணை உழுதுகொண்டே வந்திருக்கிறது. என்ஜினைப் போட்டு, நான் அணியத்தில் நின்று சங்கிலியை ஏற்றி, 8 மீட்டர் ஆழத்துக்கு விலகி 45 மீட்டர் விட்டோம். அன்று காலை மகளுக்கு ஒரு பழக்கம் கற்றுக்கொடுத்தோம். நங்கூரம் போட்டதும் கரையில் இரண்டு அடையாளங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஒரு பனையும் ஒரு கோபுரமும் போதும். இரண்டும் ஒரே கோட்டிலிருந்து விலகினால் படகு நகர்கிறது. நம் கடற்கரை மீனவர்கள் நடுக்கடலில் பார் எனப்படும் கடலடிப் பாறைத்திட்டைக் கண்டுபிடிப்பதும் இப்படிக் கரையடையாளம் பார்த்துத்தான்.

அந்தப் பெரியவர் மறுநாளும் அந்த வழியாகத்தான் போனார். கணவர் கூப்பிட்டு நன்றி சொன்னார், காப்பி கொடுத்தோம்.

நம்ம ஊர்க் கடற்கரை கடலிலிருந்து எப்படி இருக்கிறது?

பிறந்ததிலிருந்து உள்ளே நின்று பார்த்த வீட்டை முதன்முதலாகத் தெருவில் நின்று பார்த்தது மாதிரி. காலையில் வானம் தெளிந்திருந்தால் மகேந்திரகிரி தெரியும், அதன் அடியில் வெள்ளைக் குச்சிகளாகக் காற்றாலைகள். கூடங்குளத்தின் கும்மட்டங்களை நன்றாக ஒதுங்கித்தான் கடக்க வேண்டும். உவரியில் கப்பல் மாதா கோயில், கோயிலே கப்பல் வடிவத்தில் கட்டியது. தொலைநோக்கியில் பார்த்த மகன், "அம்மா, அந்தக் கப்பல் ஏன் கரையில ஏறிடுச்சு?" என்றான். மணப்பாட்டுக் குன்றின் மேல் சிலுவைக் கோயில், கீழே 1542-இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகை. இறங்கிப் போய் ஒரு நாள் இருந்தோம். பிறகு திருச்செந்தூர்க் கோபுரம். வெகுநேரம் கூடவே வந்தது.

புன்னக்காயலில் தாமிரபரணி கடலில் சேர்கிறது. மணல்திட்டுக்குப் பயந்து வெளியே தள்ளித்தான் போனோம். மகள், "குறுக்குத்துறைத் தண்ணி இங்கதான் வருதா?" என்று கேட்டு, வாளியை விட்டுக் கடல்நீர் மொண்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புதான். இருந்தாலும் கொஞ்ச நேரம் வாளியைக் கீழே வைக்கவில்லை.

அனுமதி, போலீஸ், கடலோரக் காவல்?

பதிவுச் சான்று, காப்பீடு, ரேடியோ உரிமம், நாலு பேரின் அடையாள அட்டை, எல்லாவற்றுக்கும் ஐந்து நகல். போகும் ஒவ்வொரு துறையிலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், வந்ததும் சொல்ல வேண்டும், கிளம்பும்போதும் சொல்ல வேண்டும். இதில் சலித்துக்கொள்ளக் கூடாது. விபத்தானால் தேடி வரப்போகிறவர்கள் அவர்கள்தான். ரேடியோவில் 16-ஆம் சேனல் எப்போதும் திறந்திருக்கட்டும். கடலோரக் காவல்படையின் மீட்பு எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093. இரண்டையும் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம், மகனுக்கு மனப்பாடம்.

பள்ளிக்கூடம்?

ஆறு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்து, பாடங்களை வாங்கிப் போனோம். காலையில் இரண்டு மணி நேரம், நங்கூரம் போட்ட நாளில் மட்டும். வருடக்கணக்கில் போகிறவர்களுக்கு இந்த ஏற்பாடு போதாது.

செலவு?

படகின் விலையைவிட அதை வைத்திருப்பதுதான் செலவு. விலையில் பத்தில் ஒரு பங்கு வருடத்துக்கு வருடம் பராமரிப்புக்குப் போகும் என்று படகுக்காரர்கள் பொதுவாகச் சொல்வார்கள். எங்கள் அனுபவத்தில் அது குறைவாக இல்லை. சாப்பாட்டுச் செலவு வீட்டில் ஆனதைவிடக் கம்மி.

நாலு பேர் அந்த இடத்தில், சண்டை வரவில்லையா?

வந்தது. இரண்டாம் வாரம்தான் மோசம். கணவர் கப்பலில் ஆட்களுக்கு உத்தரவு போட்டுப் பழகியவர், குரல் அப்படியே வந்தது. ஒரு நாள் நான் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுப் போய் அணியத்தில் உட்கார்ந்துவிட்டேன். கோபித்துக்கொண்டு போக அம்மா வீடு இல்லை, 30 அடி தூரம்தான் இருக்கிறது. அரை மணி நேரத்தில் அவரே வந்து, "இனி அவசரம்னா மட்டும் சத்தம், மத்ததெல்லாம் பேரச் சொல்லிக் கூப்பிட்டுத்தான்" என்றார். அதை இன்றுவரை காப்பாற்றுகிறார். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு அலமாரி, அதை மற்றவர் திறக்கக் கூடாது. ஒரு அடி நீள அலமாரிதான், ஆனால் தனக்கென்று ஒரு இடம்.

எந்த மாதம் போகலாம்?

மார்கழியிலும் தையின் முதல் பாதியிலும் குமரிக்கடலில் வாடை கடுமையாக இருக்கும். மாசி, பங்குனி நல்லது. காலையில் கரைக்காற்று, மதியத்துக்கு மேல் கடற்காற்று. சித்திரையில் காற்றே இல்லாமல் கரையில் திடீரென்று அலை பொங்கும் கள்ளக்கடல் உண்டு, எங்கோ தெற்கே அடித்த புயலின் அலை அது. ஐதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையம் முன்னெச்சரிக்கை தருகிறது. ஆனி, ஆடியில் போகவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் புயல். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி இந்தக் கடலில் எத்தனை வீட்டை இருட்டாக்கியது என்று நம் கடற்கரை ஊர்கள் சொல்லும்.

தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் தீவுகளில் இறங்கினீர்களா?

இல்லை. வான்தீவு, காசுவார், காரைச்சல்லி எல்லாம் 1986-இல் அறிவித்த மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. பவளப்பாறை மேல் ஒரு நங்கூரம் விழுந்தால் நொறுங்குவது பல வருட வளர்ச்சி. ஆசையாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

தூத்துக்குடியில் என்ன சொன்னார்கள்?

பழைய துறைமுகத்தில் தோணிகளுக்குப் பக்கத்தில் கட்ட இடம் கொடுத்தார்கள். மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றும் பெரிய மரத்தோணிகள். அவற்றின் நிழலில் எங்கள் படகு வள்ளம் மாதிரி தெரிந்தது. வேலையை விட்ட தண்டல் ஒருவர், தோணித் தலைவரைத் தண்டல் என்றுதான் சொல்வார்கள், கைத்தடியோடு வந்தார். என்ஜின் வராத காலத்தில் பாயிலேயே கொழும்புக்குப் போய் வந்தவர். பாயைப் பார்க்கவில்லை, என்ஜினைக் கேட்கவில்லை. நேராகக் குனிந்து, கட்டின கயிறு படகு விளிம்பில் உரசும் இடத்தைத் தடவினார். இரண்டு புரி பிய்ந்திருந்தது. ஆறு வாரத்தில் நாங்கள் யாருமே பார்க்காத இடம்.

"இத்தன தூரம் இதுலயா வந்திய?" என்றார் என் கணவரிடம். பிறகு பழைய தண்ணீர்க்குழாயில் ஒரு முழம் நறுக்கிவரச் சொல்லி, கயிற்றை அதற்குள் கோத்து, உரசும் இடத்துக்கு நேராக இழுத்து வைத்தார். என் மகன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். முடிச்சைப் போடச் சொன்னார், போட்டான். அவிழ்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு போடச் சொன்னார்.